தழும்புள்ள தோல் ஜக்கெற்

1986 ஐப்பசியில் இத்தாலிக்குப் போனவர்கள் மூன்று பேர்: நான், எங்கள் அறையில் மூத்தவரான அண்ணை, கார் ஓட்டிய புதுச்சேரி நண்பர். பாரிஸின் லா சப்பலில் என்னோடும் அண்ணையோடும் அதே அறையில் இருந்த மற்ற இருவரும் வரவில்லை. ஒருவருக்கு உணவகத்தில் லீவு கிடைக்கவில்லை. மற்றவருக்கு அகதி விண்ணப்பத்தின் முடிவு வரவில்லை; எல்லை தாண்ட முடியாது. விடியற்காலையில் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர் அவர். "அசல் தோலிலை ஒரு ஜக்கெற் வாங்கி வாங்கோ. இஞ்சத்தைக் குளிர் எலும்பைத் தின்னுது" என்று, சேர்த்துவைத்த தொள்ளாயிரம் பிராங்கை அண்ணையிடம் கொடுத்திருந்தார். இத்தாலியில் தோல் சாமான் நல்லது, மலிவு என்று எல்லோரும் சொல்வார்களே, அந்த நம்பிக்கைதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை அறையில் பெருமையாகவே சொல்லியிருந்தேன். அப்பாவின் தொழிலைக் கேட்டபோது மட்டும் "சின்னக் கடை" என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

புளோரன்ஸ் சந்தையில் அண்ணை முதற்கடையிலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டார். கண்ணாடி போல மினுங்கும் கறுப்பு ஜக்கெற். பேரம் பேசி இறக்கிய பிறகும் கையிலிருந்த காசு முழுவதும் போய்விடும். கடைக்காரர் லைட்டரைப் பற்றவைத்து அதன்மேல் காட்டினார். நெருப்புப் பிடிக்கவில்லை.

"பாத்தியளே, அசல்!" அண்ணை காசை எடுத்தார்.

நான் உட்புறத் தையலோரத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெருவிரலால் அழுத்தினேன். நல்ல தோலென்றால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் ஓடும். இதில் ஓடவில்லை. பிளந்தெடுத்த அடித்தோலின்மேல் பிளாஸ்ரிக் பூசியிருந்தார்கள். ஒரு குளிர்காலம் தாங்காது, மடிப்பு மடிப்பாக உரியும்.

"அண்ணை, இது வேண்டாம்."

"ஏன்ரா? உன்ரை புத்தகத்திலை தோலைப் பற்றியும் கிடக்கோ?"

ஓம் என்று புளுகியிருக்கலாம். அண்ணை நம்பியிருக்க மாட்டார். காசு ஏற்கனவே அவர் விரல் நுனியில். உண்மையைச் சொன்னாலோ? ஊரில் எங்களை முற்றத்தோடு நிறுத்திவைத்த தொழில் அது. லா சப்பலில் நாங்கள் நால்வரும் ஒரே சட்டிச் சோறு தின்கிறோம். அந்தச் சோற்றையும், பெட்டி இறக்குகிறவரின் வெடித்த கைகளையும் மாறி மாறி நினைத்தேன்.

"அப்பா செருப்புத் தைக்கிறவர், அண்ணை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தோல் வெட்டினனான். இது கூடாத சாமான்."

அண்ணையின் கை அப்படியே நின்றது. பிறகு காசை மடித்து என் சட்டைப் பையில் திணித்தார்.

"விசரா! போன மாசம் சப்பாத்துக்கு அடி போட அறுபது பிராங்க் அழுதனான். அப்ப உன்ரை வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ?"

புதுச்சேரி நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "மெர்சி சொல்லிட்டு கிளம்புங்க. இனிமே இவருதான் நமக்கு பத்ரோன்" என்றார். மெர்சி என்றால் நன்றி, பத்ரோன் என்றால் முதலாளி.

தையல் மெஷின் சத்தம் கேட்ட ஒரு சந்துக்குள் என் தலைமையில் நுழைந்தோம். பட்டறையில் இருந்த பெண், நான் ஜக்கெற்றுகளைப் புரட்டும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். மண்ணிற ஆட்டுத்தோல். வெண்ணெய் போல இருந்தது. முதுகில் மட்டும் ஒரு விரல் நீளத் தழும்பு. அதனால்தான் விலை குறைவு.

"பழுதெல்லோ?" அண்ணை முகத்தைச் சுளித்தார்.

"ஆடு எங்கேயோ முள்ளுக்கம்பியிலை கீறியிருக்கு. பிளாஸ்ரிக்குக்குக் காயம் வராது, அண்ணை."

அந்தப் பெண் என் விரல்களைச் சுட்டி நண்பரிடம் உடைந்த பிரெஞ்சில் ஏதோ கேட்டார். "என்ன தொழில்னு கேக்குறாங்க" என்றார் அவர். ஊசி இழுப்பதுபோல் காற்றில் இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினேன். அந்தப் பெண்ணும் தன் தையல் ஊசியை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.

நாங்கள் அறைக்குத் திரும்பிய அன்று, ஜக்கெற் கிடைத்தவர் அதோடேயே படுத்தார். உணவகத்தில் வேலை செய்கிறவர் மட்டும் அப்பாவின் தொழிலைக் கேள்விப்பட்டு, ஒரு கிழமை எங்கள் சட்டியைத் தொடாமல் தனியாகப் பாண் தின்றார். எட்டாம் நாள் நான் வைத்த மீன்குழம்பு மணத்துக்கு எழும்பி வந்து, சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். நிறையப் போட்டேன்.

அப்பாவின் தொழிலைச் சொன்னால் என்னென்னவெல்லாம் போய்விடுமோ என்று வருடக்கணக்காக நடுங்கியவன் நான். சொல்லியபிறகு எங்கள் கையைவிட்டுப் போனது அந்தத் தழும்பு ஜக்கெற்றுக்குக் கொடுத்த ஒன்றரை இலட்சம் லீரா, அதாவது எழுநூறு பிராங்க் மட்டுமே.