அண்ணன் வாங்கிக்கொண்ட சொல்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். பள்ளி நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். தேதி இல்லாத வாக்கியம் எனக்குப் பாதி வாக்கியம். ஆனால் இக்கட்டுரையில் தேதி எதுவும் வேண்டாம் என்று மதினி கேட்டுக்கொண்டார். "நீங்க தேதி போட்டா, அந்த நாளுக்கும் ஒரு திதி குடுக்கச் சொல்லுவாங்க" என்றார். ஆகவே கிழமையும் மணியும் மட்டும் தருகிறேன். மற்றவை நாட்குறிப்பில் இருக்கின்றன; கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

அண்ணன் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தார். அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தபோது அவருக்கு ஒன்பது வயது. குடும்பம் டில்லியில் லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தது. நான் அங்கேதான் பிறந்தேன். அப்பா பெல்ட்டால் அடிப்பவர். மதிப்பெண் அட்டை வரும் மாலையில் அண்ணன் முதலில் தம் அட்டையை நீட்டுவார். அப்பாவின் கை சலித்த பிறகுதான் என் அட்டை பையிலிருந்து வெளியே வரும். என் முதுகு சுத்தமாக இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

பின்னாளில் அவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். துவாரகாவில் வீடு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரியானா எல்லையைத் தாண்டிய ஓர் ஏரியில், தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். எந்த ஆழத்தில் எந்தப் பருவத்தில் வாளை கிடக்கும், எந்தக் குடலை இரையாகப் போட்டால் வாய் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாளை மீசையுள்ள மீன். கெளுத்திக்குச் சொந்தம், ஆனால் ஆள் நீளம் வளரும். வாய் நிறையச் சீப்புப் பல். படகில் ஏற்றினால் துள்ளித் துள்ளிக் கணுக்காலைக் கிழிக்கும். தலையில் கட்டையால் ஒரே அடி அடித்து முடிப்பார் அண்ணன். இரண்டாவது அடி தேவைப்பட்டால் அன்று முழுவதும் யாரோடும் பேச மாட்டார்.

அவரைச் சாது என்று எழுத மாட்டேன். ஏரியில் பேட்டரிக் கம்பியை இறக்கி மீனைச் சாகடித்த ஒருவனை அவர் கரையில் போட்டு அடித்ததை நான் பார்த்தேன். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அண்ணனின் விரல் முட்டியில் அந்தப் பல்லின் தடம் கடைசி வரை இருந்தது.

படகில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தமிழ் கூடாது. வருகிறவர்கள் எல்லாம் இந்திக்காரர்கள். நானும் அவரும் தமிழில் பேசினால் தங்களைக் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியமான காரணத்தை அவர் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். "ரெண்டு பாஷை காதுல விழுந்தா ஒருத்தன் கை ரெண்டு பக்கம் போவும்லே. தண்ணியில ஒரே பாஷைதான்." நூல் விட வேண்டுமானால் 'டீல் தோ', இழுக்க வேண்டுமானால் 'கீன்சோ'. அவ்வளவுதான் அங்கே பேச்சு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம் முடிந்த மாதம். வந்தவர் நஜஃப்கட் பக்கம் கட்டடச் சாமான் கடை வைத்திருந்த சத்பீர். அவருடைய தம்பி ஜக்பீர் படகு ஏற மறுத்துக் கரையில் உட்கார்ந்து பக்கோடா தின்றுகொண்டிருந்தார். படகில் நாங்கள் மூவர். புழுக்கம் என்று சத்பீர் மிதவைச் சட்டையைக் கழற்றினார். போட்டுக்கொள்ளும்படி அண்ணன் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. அது அண்ணனின் தவறு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு வாளை கவ்வியது. நேராகப் படகுக்கு அடியில் பாய்ந்தது. கோல் வளைந்து விளிம்பில் அடித்தது. சத்பீர் பதற்றத்தில் கோலை விட்டுவிட்டு நூலைப் பிடித்து இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மீன் இழுத்தது, நூல் சதைக்குள் இறங்கியது, அவர் ஒரு பக்கம் சாய, படகும் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அண்ணன் 'டீல் தோ, டீல் தோ' என்று கத்தினார். அதே கணத்தில் நங்கூரக் கயிற்றருகே இருந்த நான் "கொடு, கொடு" என்று கத்தினேன். நூலைக் கொடு என்ற பொருளில்தான். பயத்தில் எனக்கு வந்தது தமிழ்.

இந்தியில் 'கூதோ' என்றால் குதி; என் 'கொடு' அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். சத்பீர் என்னைப் பார்த்தார், உள்ளே வரும் தண்ணீரைப் பார்த்தார், சொன்னதைச் செய்கிறவர் போலக் குதித்தார். அவருக்கு நீந்தத் தெரியாது.

அண்ணன் கத்தியைப் பல்லில் கடித்தபடி பின்னால் குதித்தார். நூலை அறுத்தார். ஆனால் மூழ்குகிறவர் அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார், தோளைக் கடித்தார். அண்ணன் மூச்சுக்காக மேலே வந்தபோது தோளில் சதை தொங்கியது, கையில் சத்பீர் இல்லை. மறுபடி மூழ்கினார். மறுபடியும். ஏழு பதினாறுக்குப் பாசியோடு சேர்த்துத் தூக்கி வந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உயிர் இல்லை.

கரையில் ஜக்பீர் துடுப்போடு நின்றிருந்தார். தண்ணீருக்கு மேல் குரல் தெளிவாகப் போகும். அவர் காதில் விழுந்தது 'கூதோ, கூதோ' என்பதுதான். என் குரலும் அண்ணன் குரலும் ஒன்று போலவே இருக்கும். போனில் மதினியே ஏமாந்ததுண்டு. "தூனே பாயி கோ கூத்னே கோ க்யோங் போலா?" என் அண்ணனை ஏன் குதிக்கச் சொன்னாய் என்று கேட்டுக்கொண்டே அடித்தார். முதல் அடியில் அண்ணனின் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. இரண்டாவதில் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பல்லை உடைத்த அந்தக் கை சேற்றில் ஊன்றியபடியே இருந்தது, எழவில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் நிமிராமல் தமிழில் சொன்னார்.

"ஏல, வாயத் தொறக்காத. அவன் ரெண்டு பேர அடிக்கணுமாக்கும்?"

நான் மூடினேன். போலீஸ் வந்து கேட்டபோது, கத்தியது தாமே என்று அண்ணன் சொன்னார். அப்போதும் மூடியிருந்தேன். விபத்து என்று விசாரணை முடிந்தது. நம் உறவில் முடியவில்லை. கல்யாண வீடுகளில் 'ஆளை முக்கினவர்' என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் யார் யார் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. அவர்களைத் திருத்தியவன் என்றும் என் பெயர் எங்கும் இல்லை.

அண்ணன் அதன் பிறகு தூண்டிலைத் தொடவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே நாளில், சத்பீருக்குப் பின் ஜக்பீர் நடத்திய கடைக்குப் போய் வாசலில் நின்றார். முதல் ஆண்டு கன்னத்தில் அறை வாங்கினார். இரண்டாம் ஆண்டு செங்கல் வந்து முழங்காலில் விழுந்தது. மூன்றாம் ஆண்டு யாரும் எதுவும் செய்யவில்லை, மாலை வரை வெயிலில் நின்றார். நான்காம் ஆண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அடுத்த ஆண்டு டீ. ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "நான் போவலன்னா அவன் கிளம்பி வந்துருவாம்லே. வந்தா உன் மூஞ்சியப் பாத்ததும் கண்டுபிடிச்சிருவான்" என்று சிரித்தார்.

கடைசி இரண்டு மாதங்கள் கல்லீரல் அவரைத் தின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்து, ஜக்பீரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அந்தப் பக்கத்துக் காது துடுப்பில் போன காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "வலது பக்கமா வந்து சொல்லு" என்றார்.

எழுந்து போய்ச் சொன்னேன்.

"எனக்கப்புறம் சொல்லு. இப்ப சொன்னா எனக்கு டீயில சீனி போட மாட்டான்."

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இறந்தார். சுடுகாட்டில் பாடை தூக்க நான்காவது ஆள் வருவதற்குள் ஜக்பீர் தோள் கொடுத்துவிட்டார். அண்ணனின் முறிந்த எலும்பு இருந்த பக்கம் அது. நான் எதிர்ப் பக்கம். நடுவில் அண்ணன் இருந்தார், நான் அப்போதும் பேசவில்லை.

மருத்துவமனையில் முறை வைத்துக் கண்விழித்த அடுக்கக நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த சரக்குப் பிரிவுத் தோழர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த உறவினர்களுக்கும், என்னை எழுத அனுமதித்த மதினிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பேசியவர்களை நான் மன்னிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு உண்மை தெரியாமல் வைத்தவன் நான்.

இந்தக் கட்டுரையை இந்தியிலும் என் கையால் எழுதியிருக்கிறேன். 'கொடு' என்ற சொல்லை மட்டும் தமிழாகவே விட்டு, பக்கத்தில் பொருள் குறித்திருக்கிறேன். இன்று பகல் சாப்பாட்டுக்கு முன் ஜக்பீர் வருவார். அந்தத் தாள்களை அவர் கையில் நானே கொடுப்பேன்; அவர் படித்து முடிக்கும் வரை எதிரே நிற்பேன். படித்த பின் அவர் கை ஓங்கினால், கூடத்தில் இருக்கும் நீங்கள் யாரும் குறுக்கே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.