மேளம் நின்ற ஒரு நிமிடம்

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பத்து பாகாட்டில் என் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் ஜோகூர் மாநிலத்தில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து முகூர்த்தம் குறித்திருந்தோம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பித்துவிடுமே என்று நாள்காட்டியைக் காட்டிக் கேட்டவர்களிடம் எல்லாம், "அது இந்தியாவுல சூரியன் உதிக்கிற கணக்கு மா. நம்ம ஊர் சூரியன் ஏழு மணிக்குத்தான் எந்திரிக்கிறாரு. ராகுவும் லேட்டாத்தான் வருவாரு" என்று எங்கள் குருக்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்திரிகை அடித்து, நகராட்சி மண்டபம் எடுத்து, மேளத்துக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்ட பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. முந்தின மாதம் உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இறந்துபோன நம் நாட்டவர்களின் உடல்கள் முதன்முதலாகத் தாயகம் வந்து சேரும் நாள், சரியாக எங்கள் முகூர்த்த நாள். அன்று தேசிய துக்க நாள். காலையில் உடல்களை இறக்கும்போது நாடு முழுக்க எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும்.

எங்களுக்கு அப்பா, அம்மா இருவரும் இல்லை. நான் துணி ஆலையில் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்க வைத்தேன். அவள் அரசாங்க மருத்துவமனையில் தாதியானாள். நானும் என் கணவரும்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெக்கோக் பக்கம். தங்கமான பையன். ஆனால் அவருடைய அம்மாவை நினைத்தால்தான் எனக்குப் பயம். வாட்டசாட்டமான அம்மா, கணீரென்ற குரல், சாஸ்திர சம்பிரதாயத்தில் இம்மி பிசகக் கூடாது. தாயில்லாப் பெண், போகிற இடத்தில் முதல் நாளே மாமியாரின் மனம் கோணிவிடக் கூடாதே என்பதுதான் அந்த மாதம் முழுக்க என் கவலை.

அறிவிப்பு வந்த அன்று தங்கை வேலை முடிந்து வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். தினமும் செய்தியைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தவள் அவள்.

"அவங்க அன்னிக்குத்தானே கா வீட்டுக்கு வராங்க. அவங்கள இறக்குற நேரத்துல நம்ம மேளம் அடிச்சிக்கிட்டு இருக்கணுமா? அந்த ஒரு நிமிஷம் மட்டும் நிப்பாட்டிடுவோம் கா."

நியாயம்தான். சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் சம்பந்தி அம்மாவே போன் செய்தார்.

"எனக்கும் மனசு கேக்கல மா. ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். தாலி ஏறும்போது மேளம் நிக்கவே கூடாது. அந்த நேரம் பாத்து எவனாச்சும் தும்மித் தொலைச்சான்னா? எம்மவன் கல்யாணம் மா இது."

அதுவும் நியாயம்தான். கெட்டிமேளம் கொட்டுவதே கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே. "சரிங்க அத்தை" என்று அவருக்கும் தலையாட்டிவிட்டேன். பிறகு குருக்களிடம் ரகசியமாகப் பேசி, மௌன நேரத்துக்கு வெகு முன்பே தாலி ஏறிவிடுகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். இரண்டு பேரையும் சமாளித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே பெருமை.

கல்யாணத்தன்று காலையில் மண்டபம் களை கட்டியது. தங்கையோடு வேலை பார்க்கும் மலாய், சீனத் தாதிகள் எல்லோரும் புடவை கட்டிக்கொண்டு, மடிப்பு நிற்காமல் சிரித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் தயார். மாப்பிள்ளை வீட்டாரைத்தான் காணோம்!

போன் போட்டால், பஸ் பாலோ பக்கம் நிற்கிறதாம். நேர் வழியில் வராமல் எதற்கு பாலோ என்று கேட்டால், வழியில் உள்ள தோட்டத்துக் கோயில்களில் எல்லாம் சம்பந்தி அம்மா இறங்கித் தேங்காய் உடைத்துக்கொண்டு வருகிறாராம். ஒரு முனீஸ்வரரையும் விடவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். மேளம் நிற்கக் கூடாது என்று கட்டளை போட்ட அம்மாவே இப்படி நேரத்தைக் கரைத்தால் நான் என்ன செய்வேன்? கையில் இருந்த பூத்தட்டைத் தொப்பென்று வைத்தேன். பூவெல்லாம் சிதறியது. நானே குனிந்து பொறுக்கினேன்.

ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். வரவேற்பு, மாலை எல்லாம் ஓட்டமும் நடையுமாக முடிந்தது. குருக்கள் மந்திரத்தை விரைவு ரயில் வேகத்தில் சொன்னார். தாரை வார்த்துக் கொடுத்தோம். தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கி வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளத்துக்காகக் குருக்கள் விரலைத் தூக்கப் போகிறார். அப்போதுதான் மண்டபத்துக் காவலாளி, ஒரு மலாய்க்காரப் பெரியவர், அலுவலக அறைத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"சுடா சம்பாய்" என்றார். வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே கைகளைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டார்.

தாதிகள் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசைகளும் எழுந்தன. மேடையில் மட்டும் நாதஸ்வரமும் தவிலும் ஒலித்துக்கொண்டிருந்தன. எடுத்த தாலியைக் கீழே வைக்க முடியாது. குருக்களின் விரல் பாதியில் நின்றது. தங்கை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். 'சரின்னு சொன்னியே கா' என்று கேட்கிற பார்வை. நான் எந்தப் பக்கம் பார்ப்பது? மேளத்தை நிறுத்தச் சொன்னால் மாமியாருக்குக் கோபம். நிறுத்தாவிட்டால் தங்கை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள்.

அதற்குள் சம்பந்தி அம்மா மணவறைக்குப் பின்னாலிருந்து விறுவிறுவென்று மேளக்காரர்கள் பக்கம் நடந்தார். தொலைந்தது, பலமாகக் கொட்டச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தி அம்மா போய்த் தவிலின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"இருங்க தம்பி. ஒரு நிமிஷம்."

தவில்காரர் ஓங்கிய குச்சியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரம் நின்றது. தங்கை எழுந்தாள். மணவறையில் உட்கார்ந்த பெண் தாலி ஏறாமல் எழுந்திருக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் தாலியைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்தில் எழுந்து நின்றார். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் ஓய்ந்தது. வெளியே சாலையில்கூட வண்டி ஓடவில்லை. அத்தனை பேர் கூடிய கல்யாண மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களை வாங்கிக்கொள்ள நிற்பவர்களை நினைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

அந்த மௌனத்தில்தான் அது நடந்தது. ஓமப் புகை சுழன்று தவில் பக்கம் போனது. சம்பந்தி அம்மா மூக்கைச் சுருக்கினார். முந்தானையைத் தேடினார். ஒரு கை தவில் மேல், மறு கைக்கு முந்தானை அகப்படவில்லை.

"அச்ச்!"

மண்டபமே அதிர்ந்தது. குருக்களுக்கு விழி பிதுங்கிவிட்டது. பின்னாலேயே, முதலாவதைவிடப் பலமாக இன்னொன்று.

"அச்ச்!"

அப்போதும் அவர் தவிலிலிருந்து கையை எடுக்கவில்லை. வாசலில் இருந்த பெரியவர் தலையை நிமிர்த்தும் வரை அப்படியே நின்றார். நிமிடம் முடிந்தது. அப்புறமும் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க? ஒத்தைத் தும்மல்தான் ஆகாது. இது ரெட்டை லா! அடிங்க தம்பி, கெட்டியா அடிங்க!"

முதலில் சிரித்தது என் தங்கைதான். பிறகு தாதிகள், பிறகு மண்டபமே. அந்தச் சிரிப்புக்கு நடுவே கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் முதல் முடிச்சு விழவே மாட்டேன் என்றது. புகைப்படத்தில் பார்த்தால் கல்யாணப் பெண்ணின் கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல். அட்சதை போட வேண்டிய குருக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பந்தியில் சம்பந்தி அம்மாவுக்கு நானே பாயசம் ஊற்றினேன். மனதில் இருந்ததைக் கேட்டும்விட்டேன்.

"மேளம் நிக்கவே கூடாதுன்னு சொன்னீங்களே, அத்தை?"

"சொன்னேன்தான். காலையில பஸ்ல ரேடியோ போட்டிருந்தாங்க. அவங்க வராங்க வராங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தானுங்க. மனசு தாங்கல மா. அதான் ஒவ்வொரு கோயிலா இறங்கி, எம்மவனுக்கு ஒரு தேங்காய், அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு தேங்காய்னு உடைச்சேன். அதுலதான் லேட்டாயிருச்சு. உனக்குக் கோவமா?"

காலையில் அவரைத் திட்டிக்கொண்டே பூப் பொறுக்கியது ஞாபகம் வந்தது. இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். "போதும் மா, சக்கரை இருக்கு எனக்கு" என்று இலையை மறைத்தார்.

இப்போது தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மாமியாரும் மருமகளும் சண்டை போடாமல் இல்லை. போடுவார்கள், மாலைக்குள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து நாடகம் பார்ப்பார்கள். அந்தத் துக்க நாளில் எங்கே இருந்தீர்கள் என்ற பேச்சு எப்போதாவது வரும். கல்யாண மண்டபத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று சொல்ல முன்பெல்லாம் கூச்சமாக இருக்கும். இப்போது நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். பெண்ணைக் கொடுத்த இடம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொள்ள மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும். எனக்கு அது தாலி ஏறுவதற்கு ஒரு நிமிடம் முன்பே தெரிந்துவிட்டது.