ராசுவுக்கு முன்னால் ஏறிய மணல் மூட்டை

உங்கள் வீட்டுச் சுவரைப் பூசியவரின் இடுப்பில் கயிறு இருந்ததா? ஞாபகம் வராது. கிரகப்பிரவேசத்துக்கு எத்தனை எலுமிச்சம்பழம் வாங்கினீர்கள் என்பது ஞாபகம் இருக்கும்.

கல்வராயன் மலைக்காரரான மாதன், கள்ளக்குறிச்சியில் கட்டடங்களுக்கு மூங்கில் சாரம் கட்டுகிறவர். 1987 செப்டம்பரில் சிங்கப்பூர் வேலைக்குப் புறப்பட்டார். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. பஸ் ஓடவில்லை, வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாதனும் மனைவியின் தம்பி ராசுவும் உளுந்தூர்பேட்டை வரை நடந்தே போனார்கள். மறியல்காரர்கள் கேட்டது நியாயம்தான். சாரத்தின் உச்சியில் நிற்கும் வேலைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் பங்கு கேட்டதில்லை.

மலையில் மூங்கிலைக் கட்டுவதற்கு மரப்பட்டை நாரை ஊறவைத்து ஈரத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். காயக் காய நார் தானே இறுகும். சிங்கப்பூரில் கொடுத்தது பிளாஸ்டிக் நாடா. மலையிலிருந்து போன இருபத்திரண்டு பேரும் அதையும் வாளித் தண்ணீரில் நனைத்து, இரண்டே சுற்றில் கட்டினார்கள். மேஸ்திரி சிவசங்கர் கள்ளக்குறிச்சிக்காரர். வேகத்தைப் பாராட்டினார்.

பிளாஸ்டிக் காய்ந்து இறுகாது. நான்காம் நாள் காலை, மூன்றாம் அடுக்கில் நாடாக் கட்டு ஒன்றை மாதன் விரலால் தள்ளினார். நகர்ந்தது. அந்த மூங்கிலில்தான் மதியம் ராசு நிற்க வேண்டும்.

"மேஸ்திரி, எல்லாத்தையும் அவுத்துக் கட்டணும்ங்க. தப்பு எங்களுதுதான். இடுப்புல மாட்டிக்க ஆளுக்கொரு பெல்ட்டும் குடுங்க."

"இன்னாடா மாதா, மலையில தேன் எடுக்கசொல்ல பெல்ட்டு போட்டுக்கினா ஏறுன?"

"அங்க நாரு இறுகும்ங்க."

"பூசை போட்டாச்சு. எலுமிச்சம்பழம் கட்டிக்கீது பாரு. ஒண்ணும் ஆவாது, ஏறச் சொல்லு."

மாதன் ஒரு சாக்கில் மணலை அள்ளத் தொடங்கினார். "ராசு, நீ எவ்ளோ கனம் இருப்ப?"

"எதுக்கு மாமா, சந்தையில வித்துடப் போறியா?"

"நீ ஏறதுக்கு முன்னாடி இது ஏறட்டும்."

மூட்டையைக் கயிற்றால் இழுத்து அந்த மூங்கிலில் தொங்கவிட்டார்கள். கட்டு நழுவியது, மூங்கில் சாய்ந்தது, மூட்டை சிவசங்கரின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து கிழிந்தது. எலுமிச்சம்பழம் கட்டிய இடத்திலேயே இருந்தது.

"மேஸ்திரி, பூசை போட்டவரு நீங்க. மொதல்ல நீங்க ஏறுங்க" என்றார் ராசு.

அன்று யாரும் ஏறவில்லை. மறுநாள் ஒவ்வொரு கட்டும் அவிழ்க்கப்பட்டு ஐந்து சுற்றாக இறுக்கப்பட்டது. அதற்கு அடுத்த நாள் இருபத்தொரு பெல்ட்டுகள் வந்தன. ஆட்களைக் கெடுத்தவர் என்று சொல்லி மாதனுக்கு மட்டும் பெல்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்ப விமான டிக்கெட் வந்தது.

ராசு நான்கு வருடம் வேலை பார்த்து, இரண்டு காலாலும் நடந்து ஊர் திரும்பினார். கள்ளக்குறிச்சியில் மாதன் இன்றும் மூட்டையை ஏற்றிப் பார்க்காமல் ஆளை ஏற்றுவதில்லை. கொத்தனார்கள் சிரிக்கிறார்கள்.

உங்கள் தெருவிலிருந்து யாராவது வெளிநாட்டுக் கட்டட வேலைக்குப் புறப்பட்டால், ஏஜெண்டைப் பார்க்க நீங்களும் கூடப் போங்கள். பெல்ட் உண்டா, சாரத்தைச் சோதிப்பது யார் என்று கேளுங்கள். பதிலுக்கு விபூதிப் பொட்டலத்தை நீட்டினால், பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.