பெட்டிப்படகும் ஏழு நீர்நாய்களும்

பலகையில் காதை வைத்துப் படுத்தால் போதும், அடியில் தண்ணீர் "பொளக், பொளக்" என்று பேசிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் வேகமாக வந்தால் காற்று கிளம்பிவிட்டது என்றும், அடியோடு நின்றுபோனால் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது, எழுந்து தள்ளியாக வேண்டும் என்றும் கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இன்று திருப்பூரில் நாற்பது தையல் மெஷின் ஓடுகிற கம்பெனி வைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தைக்கிறவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற "கைமடி" வேலையில் சேர்ந்து, டைலராகி, பிறகு முதலாளியானவள். ஒரு பனியனைக் கையில் வாங்கிய உடனே எந்த மெஷினில் எந்தத் தையல் பிசகியது என்று சொல்கிற ஆட்களை இந்த ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் முதல் விரல் நான்தான். பட்டப்படிப்பு படித்த என் மேனேஜரே குறையுள்ள துணியை என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார். அந்தக் கண் எனக்குக் கம்பெனியில் வந்தது இல்லை. அமராவதி அணைக்குள் ஒரு படகில் குடியிருந்த இரண்டு வருஷத்தில் வந்தது.

அணை கட்டி முடித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. கட்டும்போது கல்லும் மணலும் ஏற்றிய தட்டையான மரப்படகு ஒன்று, வேலை முடிந்து கரையில் சும்மா கிடந்தது. அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த முதலாளி அதை வாங்கித் தார் பூசி, நடுவில் தகரக் கொட்டகை அடித்து, வலை விடவும் காவல் இருக்கவும் என் அப்பாவையும், கிழிந்த வலைகளைப் பின்னிச் சரிசெய்ய என் அம்மாவையும் அதில் குடிவைத்தார். எல்லோரும் அதைப் "பெட்டிப்படகு" என்பார்கள். எங்களுக்கு அதுதான் "ஊடு", கரையில் வேறு ஊடு கிடையாது.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உள்ளே களிமண் பூசி அம்மா அடுப்புச் செய்திருந்தாள். தினமும் களியும் மீன் குழம்பும்தான், அந்த ஜிலேபிக் கெண்டையை நான் தின்றது போல இன்னொரு பிள்ளை தின்றிருக்காது. உப்பும் மிளகாயும் வாங்க வாரம் ஒருநாள் பரிசலில் கரைக்குப் போவோம், இறங்கியதும் தரை ஆடுகிற மாதிரி இருக்கும், படகு ஏறினால்தான் நிற்கும். இரண்டு கோழிகள் வளர்த்தோம், அவை உலகமே பத்தடி அகலம்தான் என்று நினைத்து நிம்மதியாக முட்டையிட்டன. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அணை இறங்கும், இறங்க இறங்கப் படகை உள்ளே தள்ளிக்கொண்டே போவோம். நான் படகோரத்தில் குனிந்தால் அம்மா ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "எட்டிப் பாக்காத புள்ள, மொதல உன்ற மூக்கப் புடிச்சுக்கும்!"

முதலை உண்மையாகவே இருந்தது. எதிரே இருந்த பாறையில் வால்நுனி இல்லாத முதலை ஒன்று வெயிலேற ஏற வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், அதன் பக்கத்திலேயே கொக்கு பயமில்லாமல் நடக்கும். தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்களின் கிளைகளில் நீர்க்காகங்கள் உட்கார்ந்து, துவைத்த சட்டையைக் காயப்போட்டது போல இறக்கையை விரித்து வைத்திருக்கும். கோடையில் மதியம் தாண்டியதும் மலைப்பக்கத்திலிருந்து யானைகள் இறங்கும். அப்பா யானை என்று சொல்ல மாட்டார், "பெரியவங்க வந்துட்டாங்க, அடுப்பத் தணிச்சு வை" என்பார். குட்டிகளை நடுவில் விட்டு அவை குளித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் படகில் பாத்திரச் சத்தம்கூட இருக்காது. பள்ளிக்கூடம் இல்லை, விளையாட ஆள் இல்லை, பார்ப்பது ஒன்றுதான் எனக்கு வேலை. ஒரு வேலையைக் கொடுத்தால் நான் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

நீர்நாய்களை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஓடை வந்து அணையில் சேருகிற இடத்தில், அணை வேலைக்கு உடைத்து மிச்சமான கற்கள் குவிந்து கிடந்தன, அதன் இடுக்கில்தான் அவற்றின் குடித்தனம். மொத்தம் ஏழு. காலை வெயில் எங்கள் தகரத்தைத் தொடும் நேரத்துக்கு, ஒன்றன் பின் ஒன்றாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்தி வரும், குட்டி பின்தங்கினால் தாய் சீட்டியடித்துக் கூப்பிடும். கரையேறியதும் மணலில் புரளும். ஒன்று மட்டும் மல்லாக்கப் படுத்து, கூழாங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பந்தாடும். வலைப்பக்கம் போனால் மாட்டியிருக்கிற மீனின் உடம்பைக் கடித்து இழுத்துக்கொண்டு, தலையை வலையிலேயே விட்டுவிடும். பக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கும், என் முஷ்டி நுழைகிற அளவு. அந்த ஓட்டைகளை அடைப்பதுதான் அம்மாவுக்கு அன்றாட வேலை, ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பது நான்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர் வலையை இழுத்து, ஓட்டையைப் பார்த்து, "மொதல வேல" என்று மட்டும் சொல்வார். அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது அந்த வயதில் பெரிய சொத்து.

ஒருநாள் காலை முதலாளி பரிசலில் வந்தார். வெள்ளை வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் ஏறியவர், கூடையில் கிடந்த மீனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏப்பா மாரப்பா, பாதி மீனு கூட வல்லியே. மிச்சம் எங்க போச்சு?"

"மொதலைங்க, மொதலாளி" என்றார் அப்பா.

"போன தடவையும் மொதல, அதுக்கு முந்தின தடவையும் மொதல. உன்ற மொதல கூடையத் தூக்கிட்டு உடுமலைச் சந்தைக்குப் போவுதாமா?"

பரிசல்காரர் சிரித்துவிட்டார். "பஸ்ஸுக்கு டிக்கெட்டு எடுத்துச்சாங்க?" என்று அவர் பங்குக்குக் கேட்டார்.

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"களவாணிப் பயல வெச்சுட்டு என்னால குத்தகை நடத்த முடியாது. நாளைக்கு வேற ஆள் வரும். சட்டி பானையக் கட்டு."

அம்மா வலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "சாமி, அப்பிடிச் சொல்லாதீங்க சாமி. கரையில எங்களுக்கு ஊடு கெடையாதுங்க."

என் அப்பாவைத் திருடன் என்கிறார்கள், அவரோ ஊமை மாதிரி நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்று பெரிய பெரிய கம்பெனிக்காரர்களிடம் எதிரே நின்று பேசுகிற வாய் அன்றைக்குத்தான் முதலில் திறந்தது.

"மொதல இல்லீங்க! நீர்நாயிங்க!"

"கண்ணு, நீ சும்மா இரு" என்றார் அப்பா.

நான் இருக்கவில்லை. "மொதல கடிச்சா வல பெருசாக் கிழியுமுங்க. தலைய உட்டுப்போட்டுப் போவாதுங்க. இது நீர்நாயிங்க. ஏழு இருக்குதுங்க. அதுக ஊடு கூட எனக்குத் தெரியுமுங்க."

முதலாளி குனிந்து என்னைப் பார்த்தார். "உங்கொப்பனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சா?"

"அப்பனுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமுங்க."

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே அவர் மறுபடி வந்து, எங்கள் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து காத்திருந்தார். நான் சொன்ன நேரத்துக்கு, நான் சொன்ன வரிசையில், ஏழும் வந்தன. ஒன்று வலையில் தலையை விட்டு மீனை இழுத்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். அப்பாவின் தோளில் தட்டி, "மனசுல வெச்சுக்காத மாரப்பா" என்றார். என்னைப் பார்த்து, "கெட்டிக்காரப் புள்ள! ஆம்பளப் பசங்ககூட இப்பிடிச் சொல்ல மாட்டாங்க" என்றார். அவர் அனுப்பிவைத்த தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை நான் நான்கு நாள் வைத்துத் தின்றேன்.

அதற்குள் முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் வேட்டை நாய்களும் வலையும் மண்வெட்டியும் கொண்டுவந்து இறங்கினார்கள். இடத்தைக் காட்டச் சொல்லி அப்பாவைக் கேட்டார்கள். "எனக்கு அந்த எடம் தெரியாதுங்க" என்றார். பிறகு என்னைக் கேட்டார்கள். நான் பரிசலில் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டி வழி சொன்னேன். கற்குவியலில் இருந்த இரண்டு வாசலையும் காட்டினேன். ஒன்றை அடைத்து, மற்றதில் புகை போட்டார்கள். என்ன நடக்கும் என்று தெரியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அரைகுறையாகத் தெரியும். உள்ளேயிருந்து அந்தச் சீட்டிச் சத்தம் வந்தபோது முழுக்கத் தெரிந்தது. ஏழையும் கரையில் வரிசையாகப் போட்டு எண்ணினார்கள். தோல் நல்ல விலைக்குப் போகும் என்று பேசிக்கொண்டார்கள். நான் படகுக்குத் திரும்பியபோது அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. சுருட்டிய கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

அதன்பிறகு வலை நிறைய மீன் வந்தது. ஓட்டை என்பதே இல்லை. அம்மாவின் ஊசி கொட்டகையில் செருகியபடியே இருந்தது. இரண்டு மாதம் கழித்து முதலாளி வந்து, மிகவும் மரியாதையாகவே பேசினார். "வலைதான் கிழியறதில்லையே மாரப்பா. பொழுதோட ஒரு ஆளு பரிசல்ல வந்து வல உட்டுப்போட்டு, காலைல வந்து எடுத்துக்கலாம். படகுல ஒரு குடும்பத்த எதுக்கு வெச்சிருக்கோணும், நீயே சொல்லு?" நாங்கள் சட்டி பானையைக் கட்டினோம். படகைக் கரையில் ஏற்றிப் பலகை பலகையாகப் பிரித்து விற்றார்கள்.

உடுமலையில் திருப்பூர் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"சட்டி பானையக் கட்டுன்னு அவரு சொன்னது அது நாலாந்தரம், கண்ணு. சத்தம் போடுவாரு, போயிருவாரு."

மடியில் இருந்த பாத்திர மூட்டையை இறக்கி வைத்தேன்.

"மொதலையப் புடிக்க ஒருத்தனும் வரமாட்டான். அதுக்குத்தான் மொதலைன்னு சொல்லிட்டிருந்தேன். அதுக ஏழும் வலையக் கிழிச்சாத்தான நமக்கு அங்க சோறு?"

"புள்ளகிட்ட எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் அம்மா.

"சரி, உடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினார். அந்த மூட்டைகளுக்கு நடுவேதான் நான் வளர்ந்தேன்.

இந்தக் கதையை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என் கம்பெனிப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒன்பது வயதில் முதலாளியை எதிர்த்துப் பேசி அப்பன் வேலையைக் காப்பாற்றியவள் நான் என்று சொல்வேன். தேன்மிட்டாயோடு நிறுத்திக்கொள்வேன்.

போன சித்திரையில் கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு விட்டு, இரண்டு பஸ் பிடித்து எல்லோரையும் அமராவதி அணைக்குக் கூட்டிப்போனேன். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், எங்கள் ஊர்க்காரர்கள், பீகாரிலிருந்து வந்த நான்கு பையன்கள். இப்போது அங்கே மோட்டார் போட்ட படகு ஓடுகிறது, தண்ணீரில் விழுந்தால் மிதக்க ஆளுக்கொரு ஆரஞ்சு சட்டை மாட்டிவிடுகிறார்கள். செத்த மரங்களில் ஒன்றுகூட இல்லை. கற்குவியல் இருந்த இடம் சேறு மூடி, மேலே முள் வளர்ந்து கிடக்கிறது. படகோட்டுகிற பையன் முதலை ஒன்றைக் காட்டினான், பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் சாய, அவன் கத்தினான்.

"ஏம்மா, இதுல மொதல மட்டுந்தான் கெடக்கா? வேற ஒண்ணும் இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள் ஓவர்லாக் மெஷினில் இருக்கிற செல்வி.

"நீர்நாய் இருந்துச்சு" என்றேன்.

"நீர்நாயா? நான் பொறந்து வளந்தது இங்கதானுங்க, ஒண்ணக்கூடப் பாத்ததில்லீங்க" என்றான் படகுக்காரப் பையன்.

"எப்படிப் பாப்பே? ஏழு இருந்துச்சு. அதுக ஊடு என்னைத் தவிர ஆருக்கும் தெரியாதுன்னு நெனச்சுட்டு, நாந்தான் காட்டிக் குடுத்தேன். ஏழையும் புடிச்சுட்டாங்க."

பிள்ளைகளுக்கு என் பெருமைப் பேச்சு பழக்கம்தானே. "எங்கம்மா யாரு!" என்று செல்வி சொல்ல, படகில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.