தொள்ளாயிரத்து இருபத்தைந்து மில்லிவோல்ட்

லிஃப்ட்காரரிடம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சரியாயிடுச்சா?" பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைச் சரிபார்த்து, கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கீழே வந்து "சரியாயிடுச்சு" என்பார். அவ்வளவுதான், கதவு மூடிக்கொள்ளும். உள்ளே நிற்பவர்கள் ஃபோனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, மேல்மாடியில் ஒற்றை அறை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் பேசிவிட்டுப் படுத்த நாட்கள் அவருக்கு எத்தனையோ உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. மதியம் மூன்று மணிக்குத் தங்கை ஃபோனில் கூப்பிடுவாள். வேறு நகரத்தில் கணவன், மகளோடு இருக்கிறாள். நாற்பத்து நான்கு வயதாகிறது, ஆனால் அண்ணனுக்கு அவள் இன்னும் 'வாலு'தான். ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு இருவரும் அவரவர் கணினியில் லாரி ஓட்டுவார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். சேறும் சகதியுமான மலைப்பாதையில் ஆளுக்கொரு லாரி, முதுகில் மரக்கட்டை, ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர் கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

கோளாறு அண்ணன் பக்கம். அவருடைய கணினியில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு மட்டமும் இல்லை, உசத்தியும் இல்லை, நடுத்தரம். மேல்மாடி வெக்கையில் அரைமணி நேரம் ஓடினால் கொதித்துப் போகும். கணினி பொசுக்கென்று அணைந்துவிடும். ஆறி எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆகும்.

"அண்ணா! ஊர்ல இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் சரி பண்றே, உன் டப்பாவைச் சரி பண்ண மாட்டியா? நான் பாதி பாலத்துல தொங்கிட்டிருக்கேன்!"

"ஆறட்டும், வாலு. கத்தாதே."

கத்தி முடித்ததும் பேச ஆரம்பிப்பாள். மகள் பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டை, மாமியாரின் முழங்கால், ஆஃபீசில் எவளோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அவர் "ம்" கொட்டுவார். பத்து நிமிடம் எப்படிப் போகும் என்றே தெரியாது.

ஆனாலும் அவள் அலுத்துக்கொள்கிறாளே! விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டால்? அந்த பயம் வந்த வாரம் மனிதர் கார்டைச் சரிபண்ண உட்கார்ந்துவிட்டார். கார்டு செய்கிறவன், எந்தக் கார்டும் தடுமாறக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே மின்னழுத்தம் வைத்து அனுப்புகிறான். அந்தக் கூடுதல்தான் சூடு. அதைக் குறைக்கலாம், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கணக்கு. ஆயிரத்து ஐம்பது மில்லிவோல்ட்டில் தொடங்கி இருபத்தைந்து இருபத்தைந்தாக இறக்கினார். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் கார்டைப் போட்டு வாட்டினார். தொள்ளாயிரத்தில் திரை கருத்து, கணினி விழுந்து எழுந்தது. தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் அசையவில்லை. வேகத்தையும் ஒரு சிட்டிகை கூட்டினார், தாங்கியது. எண்பத்தெட்டு டிகிரியில் கொதித்தது அறுபத்தொன்பதில் நின்றது. விசிறிச் சத்தம்கூட அடங்கிவிட்டது. மனிதர் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

ஞாயிறு வந்தது. லாரிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. "இடது பக்கம் பாரு." "கயிறு போடு." "போட்டாச்சு." ஐம்பது நிமிடத்தில் கட்டைகளை இறக்கிவிட்டார்கள்.

"இப்போ நிக்கிறதே இல்லையே, அண்ணா."

"யாரு கை வச்சது!"

"ம். சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்." வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது ஞாயிறு அவள் ஃபோனை வைத்த பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக அவள் வீட்டு விஷயம் ஒன்றுகூடத் தெரியவில்லை. வெறுமனே கூப்பிட்டுக் கேட்கலாம்தான். ஆனால் வாழ்நாளில் அவர் யாரையும் வெறுமனே கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன பேசுவது? அழாத குறையாக இருந்தது. அட மடையா, நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொண்டாயே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், மின்னழுத்தத்தை எண்ணூற்று எழுபத்தைந்துக்கு இறக்கி வைத்தார். லிஃப்ட் வேலையில் முப்பது வருடம், ஒரு பொருளை வேண்டுமென்றே கெடுத்தது அன்றுதான் முதல் தடவை. கை கூசியது.

இருபதாவது நிமிடம் திரை கருத்தது.

"போச்சா?" என்றாள் தங்கை.

"போச்சு. பழைய வியாதிதான். ஆறணும், பத்து நிமிஷமாகும்."

"ஓகோ" என்றாள். திட்டவில்லை. பேசவும் இல்லை.

அப்போதுதான் தன் முட்டாள்தனம் அவருக்கு உறைத்தது. முன்பு அணைந்தது சூட்டில், ஆறும்வரை எழுந்திருக்காது. இது சூடே இல்லையே! இரண்டே நிமிடத்தில் கணினி தானாக எழுந்து, அவர் எப்போதோ வைத்திருந்தபடி விளையாட்டுக்குள்ளும் தானே நுழைந்துவிட்டது. நுழைந்ததும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி தங்கையின் திரையிலும் தெரியும்.

"அண்ணா, வந்துடுச்சா?"

"இன்னும் இல்லைம்மா. சூடாவே இருக்கு."

அந்தப் பக்கம் அவள் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், வேறென்ன! ஐம்பத்திரண்டு வயதில் தங்கையிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்று காது மடல் எரிந்தது. இனி அந்த ஒரு மணி நேரமும் போச்சு என்றே நினைத்தார்.

"பரவாயில்லை, அண்ணா" என்றாள் அவள். "மெதுவா வரட்டும்."

பிறகு அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவர் வீட்டை விட்டுப் போய் இருபத்தஞ்சு நாளாச்சு. ஒவ்வொரு வாரமும் உன்கிட்ட சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன். உன் டப்பா நிக்கவே மாட்டேங்குது. லாரி ஓட்டிக்கிட்டே சொல்ற விஷயமா, அண்ணா, இது?"

அவர் கையை நீட்டிக் கணினியை அணைத்தார்.

"சொல்லும்மா" என்றார்.