கடைசி அத்தியாயம் தீபாவளிக்கு அப்புறம்

இந்த மாதம் நான் படித்த புத்தகங்களில் ஒன்றுக்குக்கூட முடிவு தெரியாது. மறதி இல்லை. முடிவுகளெல்லாம் வெடிக்குள் போய்விட்டன.

என் மனைவிக்கு சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் கொட்டகையில் வேலை. பழைய காகிதம் கட்டுக் கட்டாக லோடு வந்து இறங்கும். அதைக் கிழித்து, கம்பியில் சுற்றி, பசை தடவிக் குழலாக்குவார்கள். குழலுக்குள் மருந்து போடுவது வேறு அறை, வேறு ஆட்கள். கட்டுகளுக்குள் கதைப் புத்தகம் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்காக எடுத்து வைப்பாள். அதற்குள் பக்கத்திலிருப்பவள் பின்பக்கமிருந்து கொஞ்சம் சுருட்டியிருப்பாள். எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதெல்லாம் இப்படித் தப்பிப் பிழைத்து வந்தவைதான்.

மாதத் தொடக்கத்தில் ஒரு பேய்க்கதை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கதாநாயகன் எட்டிப் பார்க்கக் குனிகிறான். அதோடு சரி. அவன் இன்னும் குனிந்தபடியேதான் நிற்கிறான், எனக்குத்தான் இடுப்பு வலிக்கிறது. அடுத்தது துப்பறியும் கதை. கொலைகாரன் இவன்தான் என்று சொல்ல இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமுகிற இடத்தில் கிழிந்திருந்தது.

“கொலகாரன் யாருன்னு பாத்துட்டாச்சும் சுருட்டக் கூடாதா?” என்றேன்.

“யாரா இருந்தா என்ன? வர்ற தீவாளிக்கு எந்தத் தெருவுலயாச்சும் வெடிச்சுச் செதறப் போறான். தண்டன ஆயிருச்சுல்ல?”

பிறகு ஒரு மீன் சமையல் புத்தகம். மசாலா அரைத்தாகிவிட்டது, மீனை எப்போது போடுவது என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு முடிவை நானே எழுதிப் பார்த்தேன். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாதக் கடைசியில்தான் அதிசயமாக ஒரு முழுப் புத்தகம் வந்தது. ஒரு மலைப் பங்களா, அங்கே வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசிப் பக்கம்வரை இருந்தது. நான் தடவித் தடவிப் பார்த்துக் கொண்டிருந்தபோது அவள் காலைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

“கொட்டகையிலருந்து இதுதான் கடேசி. திங்கக்கெழமையிலருந்து மருந்து ரூமுக்குப் போறேன். சீசன் ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. ஆள் கேட்டாக, வாரேன்னுட்டேன்.”

சொல்ல எத்தனையோ இருந்தது. என் வாயில் வந்தது இதுதான்: “அப்ப எனக்குப் புத்தகம்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பயமா இருக்குன்னு சொல்ல வாய் வரலையாக்கும்?”

“பயமா? எனக்கா? படிக்கிறவன்ங்கிற முறையில கேக்கேன்.”

“கொட்டகையில குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு. அங்கன உக்காந்து பாக்குற வேலை. திரும்பப் போன்னு மட்டும் சொல்லாதீக.”

கதாநாயகனுக்காக வலித்த என் இடுப்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மலைப் பங்களாவைப் படித்தேன். படித்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. யாரோ ஒருவர் ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார் என்ற வரி வரும். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

திங்கட்கிழமை காலை அவள் சேலையிலிருந்து ஊக்குகளைக் கழற்றினாள். மருந்து அறைக்குள் இரும்பு ஆகாது, ஓர் உரசல் போதும். கொண்டை ஊசி, வளையல், கொலுசு என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வந்தன. வீட்டில் கிடத்தியிருந்த ஒருவரிடமிருந்து இப்படி எல்லாவற்றையும் கழற்றி வைப்பதை முன்பு எப்போதோ பார்த்திருக்கிறேன். எப்போது என்று நினைவு வரப் போகிற நேரத்தில், வேண்டாம் என்று எழுந்து பல் தேய்க்கப் போனேன். ஏற்கெனவே தேய்த்திருந்தேன்.

எனக்கு விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் எடை போடுகிற வேலை. அங்கே ஒரு வசதி, கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். மதியத்துக்கு முன்னால் ‘தடால்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி நான் வத்தல் மூட்டை அடுக்கின் உச்சியில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஜன்னல் வழியே மேற்கே பார்த்தேன். அவளுக்கு போன் போட்டேன். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. வாங்கி வாசல் கேட்டிலேயே வைத்துவிடுவார்கள். அது அங்கே, யாரும் எடுக்காமல், அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏலே, எறங்குலே,” என்றார் கீழேயிருந்து மண்டி முதலாளி பாய். “லாரிக்காரன் பின்கதவ அவுத்துவிட்டான். நம்ம வாசல்ல கேட்ட சத்தம் அது.”

“தெரியும் பாய். மேல் மூட்டை ஈரமா இருக்கான்னு பாத்தேன்.”

“வேட்டியோட வத்தல் மூட்டை மேல உக்காந்து ஈரம் பாக்குற ஆளு நீ ஒருத்தன்தான். செத்த நேரத்துல நீயே சொல்லுவ, எம்புட்டுக் காரம்னு.”

சொல்லவில்லை, குழாயடிக்கு ஓடினேன். மண்டியே சிரித்தது. திரும்பி வந்தபோது பாய் மட்டும் வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்து அங்கிட்டிருந்துதான் வருது. வாடை ஒண்ணுமில்ல,” என்றார் மெதுவாக. அவரும் கேலியைத் தொடர்ந்திருக்கலாம், தொடரவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது. இறங்கினாள். நக இடுக்கிலெல்லாம் வெள்ளிப் பொடி, தலைமுடியில் கந்தக வாடை. வத்தல் மூட்டைக் கதையை நானே சொன்னேன், கொஞ்சம் மிளகாய் கூடப் போட்டு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து போய் மலைப் பங்களாவை எடுத்தாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் பிடித்து, கொட்டகையில் பழகிய கையால் ஒரே இழுப்பில், பிசிறில்லாமல் கிழித்தாள்.

“ஏய், ஏய்!”

“தீவாளி முடியட்டும், தாரேன்.”

“அதுவரைக்கும்?”

“மெதுவாப் படிங்க. முடிவ நான் என் கையாலதான் தருவேன்.”

அடுத்த மாதம் என்ன படிக்கப் போகிறேன் என்று கேட்பவர்களுக்கு: இதே புத்தகம்தான். அதற்கடுத்த மாதமும். நாளுக்கு ஒரு பக்கம், அவள் வேன் ஏறிய பிறகு. கிழித்த அத்தியாயம் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அரிசி அள்ளும்போது காகிதம் கையில் தட்டுகிறது. சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொள்கிறேன். சாதம் சில நாள் அளவு குறைந்துவிடுகிறது, கேட்டால் தொப்பையைக் குறைக்கிறேன் என்கிறேன்.

இன்றைய பக்கத்தைப் படித்தாயிற்று. பங்களாவின் தோட்டக்காரன் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறான், இன்னும் வரவில்லை. மேசைமேல் அவளுடைய ஊக்குகள் கிடக்கின்றன. மேற்கே கறுப்பாக ஏதோ எழும்பி நிற்கிறது. மேகம்தான். நன்றாகப் பார்த்துவிட்டேன், மேகம்தான்.