எழுந்து போகிறவள்

என் மனைவிக்கு நான் ஐயாயிரம் கடன்பட்டிருந்தேன். என் முதல் வேனுக்கு அவள் போட்ட பணம். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றாள். "இனிமே வாங்குற ஒவ்வொரு வண்டிக்கும் பேரத்துல குறையிறது எனக்கு. அது போதும்."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் விலை பேச என்னைப் போல் இந்த ஊரில் ஆள் கிடையாது. பதினொரு வண்டியில் ஒன்றைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. நான் பேசுவேன், விலை இறங்காவிட்டால் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடப்பாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார்.

அவள் இறந்த மறுவருடம் கார் வாங்கத் தனியாகப் போனேன். முழு விலையையும் மேஜைமேல் கட்டாக வைத்துப் பேசியும் விற்பனையாளர் மசியவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "எழுந்திரும்மா, போகலாம்" என்றேன்.

"யாரைச் சொல்றீங்க, ஐயா?"

"வீட்டுக்காரியை. அவ எழுந்துட்டா திரும்ப உட்கார மாட்டா."

காலி நாற்காலியை அவர் கொஞ்சநேரம் பார்த்தார். "அம்மாவை உட்காரச் சொல்லுங்க. ஒன்பதாயிரம் குறைச்சுக்கிறேன்."

பணக் கட்டைப் பிரித்து ஒன்பதாயிரத்தைத் தனியே எடுத்தார். பேரத்தில் குறைந்த பணத்தை அவள்தான் வாங்கிக்கொள்வாள், நான் ஒருநாளும் தொட்டதில்லை. வேறு வழியில்லாமல் கையை நீட்டினேன். ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தார்.